ஈடிபஸைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நந்தனம் புத்தகக் காட்சி முடிந்த கையோடு உங்கள் ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் நாவல் மதிப்புரைகள் குவியத் தொடங்கிவிடும். சமீப காலமாக அவற்றில் பத்திக்கு ஒருமுறை 'ஈடிபஸ் சிக்கல்', 'ஆழ்மனம்', 'ஈகோ' என்ற சொற்கள் தலைகாட்டுகின்றன. ஈடிபஸ் சிக்கல் என்பது, மகனுக்குத் தாய் மேல் ஆசையும் தந்தை மேல் பகையும் மனதின் அடியில் இருக்கும் என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்ட் சொன்ன கருத்து. மகன் தாயிடம் பாசமாக இருந்தால் ஈடிபஸ். பாம்பு வந்தால் காமம். கதாநாயகி கிணற்றை எட்டிப் பார்த்தால் கர்ப்பப்பை. இதற்குப் பெயர் உளப்பகுப்பாய்வு என்கிறார்கள். பஞ்சாங்கத்தில் அச்சாகும் கனவுப் பலன் அட்டவணைக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்த அட்டவணை முறையைத்தான் ஃபிராய்ட் 1900 என்று ஆண்டு போட்டு வெளியிட்ட கனவு நூலில் ஒதுக்கிவைத்தார். கனவு கண்டவர் அதன் ஒவ்வொரு துண்டையும் எடுத்துக்கொண்டு, மனதில் தோன்றுவதை எல்லாம் தடையில்லாமல் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு கிடைக்காமல் பொருள் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்த விதி. பிற்பதிப்புகளில் குறியீடுகள் பற்றிய பகுதியை அவரே பெருக்கிக்கொண்டு போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அதைத் துணைக்கருவி என்ற இடத்தில்தான் வைத்தார். கதைமாந்தரோ ஃபிராய்டின் நோயாளிகளைப் போல யார் முன்னும் படுத்துக்கொண்டு பேசப்போவதில்லை. 'அம்மா வந்தாள்' நாவலின் அம்மா அலங்காரத்தை வரவழைத்து "இதைப் பற்றி என்ன தோன்றுகிறது?" என்று கேட்க முடியாது. கேட்க முடியாத அந்தப் பேச்சுக்கு ஈடாக நம்மிடம் இருப்பது கதையின் சொற்கள் மட்டும்தான். சொற்களைக் காட்டாத உளப்பகுப்பாய்வு விமர்சனம் வெறும் ஜோசியம்.

முதலில் கலைச்சொற்கள். 'அவருக்கு ஈகோ ஜாஸ்தி' என்று ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து அலுவலகம் வரை சென்னையில் எல்லோரும் சொல்கிறோம். அது அகந்தை. ஃபிராய்ட் 1923இல் எழுதிய நூலில் வரும் ஈகோ வேறு. அது ஒரு மேலாளர். வெளியுலகம், உள்ளிருந்து உந்தும் ஆசை, தலைக்கு மேல் நின்று அதட்டும் சூப்பர் ஈகோ என்று மூன்று எஜமானர்களிடம் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் பரிதாபமான மேலாளர். மதிப்புரையாளர் 'நாயகனின் ஈகோ உடைகிறது' என்று எழுதும்போது அவன் கர்வம் உடைகிறதா, மேலாளர் வேலையை விட்டுவிட்டு ஓடுகிறாரா? முதலாவது குடும்பச் சண்டை, இரண்டாவது மனநோய்.

ஜெர்மன் மூலத்தில் அவர் பயன்படுத்தியவை சாதாரணச் சொற்கள்தான்: அது, நான், மேல்நான். ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் அவை லத்தீன் வேடம் போட்டுக்கொண்டு இட், ஈகோ, சூப்பர் ஈகோ ஆயின. தமிழுக்கு அந்த வேடம் தேவையே இல்லை. 'ஏதோ ஒண்ணு என்னைப் பிடிச்சுத் தள்ளிச்சு' என்று நாம் சொல்லும்போது அந்த 'ஏதோ ஒண்ணு'தான் ஃபிராய்டின் 'அது'.

'ஆழ்மனம்' என்ற சொல்லையும் தன்னம்பிக்கை நூல்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அங்கே அது கேட்டதெல்லாம் கொடுக்கும் கற்பக விருட்சம். ஃபிராய்ட் சொல்வது நனவிலி. அதற்குள் இருப்பதை அதன் சொந்தக்காரரே அறியமாட்டார், அறியவும் விரும்பமாட்டார். இதை ஒட்டியே அடக்குதல் வேறு, ஒடுக்குதல் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு கோபத்தை அடக்குகிறவனுக்குத் தன் கோபம் தெரியும். ஒடுக்குகிறவனுக்குக் கோபம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, தலைவலிதான் தெரியும். மதிப்புரைகளில் 'ஒடுக்கப்பட்ட ஆசை' என்று வரும் இடங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பாத்திரத்துக்குத் தன் ஆசை நன்றாகவே தெரிந்திருக்கும், வாய்ப்புதான் கிடைத்திருக்காது.

அடுத்து, யாரைப் படிக்கிறோம்? பாத்திரத்தையா, கதை சொல்லும் குரலையா, எழுதியவரையா? ஒரே பத்தியில் மூவருக்கும் தாவுவதுதான் இந்தத் துறையின் பழைய நோய். ஃபிராய்டுக்கே அது இருந்தது. வில்ஹெல்ம் ஜென்சன் என்ற எழுத்தாளரின் கதை ஒன்றை 1907இல் ஆராய்ந்தார். கதையின் நாயகனைப் பற்றி அவர் எழுதியது இன்றும் படிக்கத் தகுந்தது. அதோடு நிற்காமல் கதையின் வேரை எழுத்தாளரின் வாழ்க்கையில் தேடப் போனார். ஜென்சன் ஒத்துழைக்க மறுத்துவிட்டார். நம் மதிப்புரையாளர்கள் உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களின் குழந்தைப் பருவத்தை அவர்களைக் கேட்காமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

படிக்கும் முறைக்கு வருகிறேன். பத்து, பன்னிரண்டு பக்கச் சிறுகதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடக் கூடாது. ஒரு நாள் விட்டு இரண்டாம் முறை படிக்கும்போது ஓரத்தில் கோடு போடலாம். எதற்குக் கோடு? தேவைக்கு மேல் காரணம் சொல்லப்படும் இடங்களுக்கு. எல்லோரும் பேசும் ஒரு விஷயத்தை ஒருவர் மட்டும் பேசாமல் நழுவும் இடங்களுக்கு. திரும்பத் திரும்ப வரும் சாதாரணப் பொருள்களுக்கு: சாவி, ஈரத் துணி, மூடாத கதவு. முக்கியமாக, யாரும் கேட்காத மறுப்புகளுக்கு. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற நம் பழமொழி சொல்வதும் ஃபிராய்ட் 1925இல் மறுப்பு பற்றி எழுதிய சிறு கட்டுரை சொல்வதும் ஒன்றுதான். நனவிலியில் இருப்பது 'இல்லை' என்ற முகமூடி போட்டுக்கொண்டு வெளியே வரும். கதையில் 'நான் அவளைப் பற்றி நினைக்கவே இல்லை' என்று ஒருவன் சொன்னால், அவனை யார் கேட்டது என்று முதலில் பாருங்கள்.

மூன்றாம் வாசிப்பு வினைச்சொற்களுக்கு. இது தமிழில் மட்டும் கிடைக்கும் வசதி என்று சொல்லமாட்டேன், ஆனால் தமிழில் மிகவும் வளமாகக் கிடைக்கிறது. உடைத்தேன், உடைந்துவிட்டது. மறைத்தேன், மறைந்துபோயிற்று. கெடுத்தேன், கெட்டுப்போனது. செய்தவரை வாக்கியத்திலிருந்து சத்தமில்லாமல் இறக்கிவிட நம் மொழியில் இணை இணையாக வினைகள் இருக்கின்றன. 'நான் கோபப்பட்டேன்' என்பதில் நான் எழுவாய். 'எனக்குக் கோபம் வந்தது' என்பதில் கோபம் எழுவாய். விருந்தாளி மாதிரி வந்து நிற்கிறது, நான் வெறும் வீட்டுக்காரன். கதை முழுக்கச் 'செய்தேன், சொன்னேன், போனேன்' என்று பேசுகிற குரல் ஒரே ஓர் இடத்தில் 'கை தவறிவிட்டது', 'நடந்துவிட்டது' என்று மாறினால் பாத்திரத்தின் 'நான்' அங்கே பொறுப்பைக் கழற்றி வைக்கிறது.

இதிலேயே ஒரு பள்ளமும் உண்டு. 'எனக்குக் கோபம் வந்தது' என்பது தமிழின் இயல்பான வாக்கியம். அது ஒருமுறை வந்ததை வைத்துக்கொண்டு தற்காப்பு என்று எழுதினால் தமிழ்நாட்டில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். குரல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம்தான் கணக்கு. அதுவும் ஓர் இடம் போதாது. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் மூன்று இடங்களாவது கிடைக்காமல் எந்தப் பாத்திரத்தைப் பற்றியும் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. இரண்டு இடங்கள் தற்செயலாகவே அமைந்துவிடும்.

இடங்கள் சேர்ந்த பிறகும் சிக்கலின் பெயரைத் தேடக் கூடாது. தற்காப்பைத் தேட வேண்டும். ஃபிராய்டின் மகள் அன்னா 1936இல் இந்தத் தற்காப்பு முறைகளை ஒழுங்குபடுத்தி எழுதினார். தன் குற்றத்தை அடுத்தவர் மேல் ஏற்றிப் பார்ப்பது, இருக்கும் உணர்ச்சிக்கு நேர் எதிரானதைக் காட்டுவது, செய்ததைச் செய்யாததாக்க முயல்வது என்று அது நீள்கிறது. தற்காப்பு பாத்திரத்தின் செயலில் தெரியும், அதனால் பக்க எண் போட்டுக் காட்டலாம். சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து வயதில் என்ன நடந்தது என்று எழுத்தாளர் எழுதவில்லையென்றால் அந்தப் பாத்திரத்துக்கு ஐந்து வயதே கிடையாது.

ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' இதற்கு நல்ல சோதனை. ஈடிபஸ் முத்திரை அதிகம் குத்தப்படும் நாவல் அது. காவிரிக்கரைப் பாடசாலையில் வேதம் படித்து முடித்துவிட்டு அப்பு சென்னைக்கு வருகிறான். வீட்டில் அம்மா அலங்காரத்துக்கும் சிவசுவுக்கும் உள்ள உறவு தெரியவருகிறது. அப்பா தண்டபாணி எல்லாம் தெரிந்தும் பேசாமல் இருக்கிறார். மகன், தாய், தாயோடு இன்னொருவர் என்று முக்கோணம் தயாராக இருப்பதால் முத்திரையை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் நாவலை நகர்த்துவது மகனின் ஆசையா? அவனை வேதம் படிக்க அனுப்பியதே அலங்காரம், அதுவும் தன் பாவத்துக்கு அது கழுவாயாகும் என்ற எண்ணத்தில். செய்ததைச் செய்யாததாக்குதல் என்று ஃபிராய்ட் 1926இல் விவரித்த தற்காப்பு இது. ஒரு செயலை இன்னொரு செயலால் மாயமாக அழித்துவிடலாம் என்ற நம்பிக்கை. நம் வீடுகளில் நடக்கும் எல்லாப் பரிகாரத்தையும் இதில் சேர்த்துவிட வேண்டாம். தவற்றை விட்டுவிட்டு ஒருவர் தானே நோன்பு இருப்பது வேறு. இங்கே தவறு தொடர்கிறது, நோன்பு மகன் தலையில் கட்டப்படுகிறது. விரதம் அவளுடையது, பசி அவனுடையது. அவன் ரிஷியாகாமல், பாடசாலையில் அவனை விரும்பும் இந்து என்ற பெண்ணின் பக்கம் நின்றுவிட்டதும் அந்தக் கணக்கு முறிகிறது. அதன் பிறகுதான் அலங்காரம் காசிக்குக் கிளம்புகிறாள். பிறர் தலையில் வைத்த சுமையைத் தானே எடுத்துக்கொள்கிறாள். ஈடிபஸ் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்ட மதிப்புரைக்கு இந்தக் கடைசிப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது.

தண்டபாணியின் நிலை வேறு. ஒடுக்கியவருக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும், ஆனால் தெரிந்தது வாழ்க்கையை மாற்றவிடாமல் பார்த்துக்கொள்கிறார். கண்ணால் கண்டதை ஏற்கவும் ஏற்காமலும் ஒரே நேரத்தில் இருக்கும் இந்த நிலையைப் பற்றி ஃபிராய்ட் 1927இல் எழுதினார். தமிழ்க் குடும்ப நாவல்களில் ஈடிபஸைவிட இது பல மடங்கு அதிகம். யாரும் தேடுவதில்லை.

ஈடிபஸே இந்த நிலத்தில் திரும்பி நிற்கிறது என்பதைக் கவிஞரும் நாட்டார் கதை ஆய்வாளருமான ஏ.கே. ராமானுஜன் எப்போதோ காட்டிவிட்டார். கிரேக்கக் கதையில் மகன் தந்தையைக் கொல்கிறான். நம் கதைகளிலோ யயாதி மகன் பூருவின் இளமையை வாங்கிக்கொள்கிறான்; தந்தையின் திருமணத்துக்காகப் பீஷ்மர் தன் திருமணத்தைத் துறக்கிறார்; பிள்ளையாரின் தலை போவது தந்தை கையால். ஈடிபஸ் கதைக்கு நெருக்கமாக அவர் கண்ட கன்னட நாட்டார் கதை தாயின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. தன் மகனையே மணப்பாள் என்று விதிக்கப்பட்ட பெண்ணின் கதை அது. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸும் தம் நோயாளிகளிடம் காண்பது ஃபிராய்ட் சொல்வதோடு அப்படியே பொருந்தவில்லை என்று அவருக்கே எழுதியவர். நூறு ஆண்டாக நடக்கும் இந்த விவாதத்தின் சாயல்கூட நம் மதிப்புரைகளில் இல்லை.

சூப்பர் ஈகோவை 'மனசாட்சி' என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்வதும் தவறு. மனசாட்சி என்றால் நமக்கு நல்லது சொல்லும் குரல். ஃபிராய்டின் மேல்நான் கொடூரமானது, பல நேரம் நியாயமற்றது. 'அது'வின் ஆழத்திலிருந்தே தன் வலிமையை உறிஞ்சுகிறது என்று அவர் எழுதினார். புரியாத வாக்கியமாகத் தோன்றினால் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் வரும் வெங்கு மாமாவைப் பாருங்கள். நாயகி கங்காவுக்கு ஒழுக்கம் போதிக்கும் அதே வாய், அவள் மேல் நாக்கைத் தொங்கப்போடுகிறது. காவலனும் திருடனும் ஒரே ஆள். அந்தக் குரல் ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அங்கேயே கிடைக்கிறது.

அதே ஆசிரியர் இன்னொரு பெரிய வசதியும் செய்து கொடுத்திருக்கிறார். 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் மழையில் காரில் ஏறிய பெண் வீடு திரும்பியதும் தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். நாவலில் அதே மழை, அதே கார். தாயோ கூச்சல் போடுகிறாள், குடும்பம் கங்காவை வெளியே தள்ளுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றிவிட்டு விளைவைப் பார்ப்பது போல. கங்காவின் பின்னாளைய இறுக்கம், தனிமை, தன்னையே தண்டித்துக்கொள்வது எல்லாம் அந்த ஒரு மாற்றத்தின் வழியே வருகின்றன. இங்கேதான் கோட்பாடு தடுமாறுகிறது. மேல்நான் சுமார் ஐந்து, ஆறு வயதில் உருவாகிவிடுகிறது என்பது ஃபிராய்டின் கணக்கு. நாவலோ, கல்லூரிப் பெண் ஒருத்திக்குள் ஊரும் உறவும் சேர்ந்து அதை அப்புறம்தான் கட்டி எழுப்புவதைக் காட்டுகிறது. கோட்பாட்டைக் காப்பாற்றுவதற்காகக் கங்காவுக்கு ஒரு குழந்தைப் பருவத்தைக் கற்பனை செய்யக் கூடாது. கோட்பாடு இங்கே பொருந்தவில்லை என்று எழுதுவதே நேர்மை. அப்படி எழுதிய மதிப்புரையைப் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

கனவுகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய காப்பியங்களில் கனவு என்பது பெரும்பாலும் வரப்போவதன் அறிவிப்பு. ஃபிராய்டின் கனவு பின்னால் பார்க்கிறது, நிறைவேறாத விருப்பத்தை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் சொல்லும் கனவை எடுத்து 'விருப்ப நிறைவேற்றம்' என்று எழுதினால் காப்பியத்தின் இலக்கணமே தெரியாது என்று ஆகிவிடும். ஆனால் கனவை அவள் எப்படிச் சொல்கிறாள் என்று பார்க்கலாம். கணவன் கைப்பிடித்துப் போனது, பெரிய ஊரில் இடுதேள் போலப் பழி விழுந்தது, காவலன் முன் வழக்குரைத்தது எல்லாம் வருகின்றன. காவலனுக்கும் ஊருக்கும் நேர்ந்தது ஒன்று உண்டு என்று சொல்லிவிட்டு 'உரையாடேன்' என்று நிறுத்திக்கொள்கிறாள். மறைக்கப்படுவது மதுரை எரிவது. அவள் கையால் எரிவது. தன் சினத்தின் அளவு மட்டும் நாவில் வரவில்லை. கனவுக்குப் பொருத்த முடியாத கண்ணாடி, கனவைச் சொல்லும் பேச்சுக்குப் பொருந்துகிறது.

மொழிபெயர்ப்பு நாவல்களை இப்படி ஆராய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லியோனார்டோ டா வின்சி பற்றி ஃபிராய்ட் 1910இல் எழுதிய நூல், அந்த ஓவியரின் குழந்தைப் பருவ நினைவு ஒன்றின் மேல் நிற்கிறது; தொட்டிலில் கிடந்தபோது ஒரு பறவை வந்து வாலால் வாயைத் தொட்டது என்ற நினைவு. இத்தாலியில் லியோனார்டோ எழுதியது பருந்து. ஃபிராய்ட் கையாண்ட ஜெர்மன் பாடத்தில் அது பிணந்தின்னிக் கழுகாகியிருந்தது. அவர் அந்தக் கழுகைப் பிடித்துக்கொண்டு, கழுகுத் தலை கொண்ட எகிப்தியத் தாய்த் தெய்வம் வரை பறந்துவிட்டார். ஒரே ஒரு சொல், மாளிகையின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் சரிந்தது. ரஷ்ய நாவலில் வரும் ஒரு சொல்லை வைத்து வாதம் கட்டுபவர், அது மூலத்தில் இருக்கிறதா, ஆங்கிலத்தில் நுழைந்ததா, தமிழில் முளைத்ததா என்று பார்த்துவிட்டுக் கட்டட்டும்.

ஆசிரியர் குழுவிடம் கேட்பது அதிகமில்லை. ஒரு பாத்திரத்தின் மனதைப் பற்றி முடிவு சொல்லும் மதிப்புரை வந்தால், மூன்று இடங்களைப் பக்க எண்ணோடு கேளுங்கள். எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள், ஏனெனில் நம் செவ்வியல் நாவல்களுக்குப் பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறுகிறது. பாத்திரத்திலிருந்து எழுத்தாளருக்குத் தாவும் வாக்கியத்தை, குறிப்பாக எழுத்தாளர் உயிரோடு இருந்தால், வெட்டிவிடுங்கள். அகந்தை என்று பொருள்படும் இடத்தில் அகந்தை என்றே அச்சிடுங்கள். ஈகோ அங்கே வேண்டாம்.

தங்கள் வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5